காற்றை ஊதி மூளையைப் பார்த்தவர்

பிள்ளையார்குப்பத்துல பஸ் ஏறி தெற்கே போனீங்கன்னா கடலூர் வரும், அப்புறம் சிதம்பரம், அதையும் தாண்டினா சீர்காழி. சீர்காழின்னதும் கோயிலுக்குப் போறவங்களுக்கு ஞாபகம் வர்றது திருஞானசம்பந்தர். பழைய பாட்டு கேக்கறவங்களுக்கு கோவிந்தராஜன். அதே ஊர்ல 1922 ஜனவரி 30 அன்னைக்குப் பிறந்த இன்னொருத்தரை நம்ம வயசுக்காரங்க பலருக்குத் தெரியாது. அவர் பேர் பாலசுப்ரமணியம் ராமமூர்த்தி. மூளை அறுவை சிகிச்சைன்னு ஒரு துறையே இல்லாத சென்னையில அதை உண்டாக்கினவர்.

இன்ஜினியரிங் காலேஜ் இதழ்ல டாக்டர் கதை எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. இவர் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டினது நம்ம பாடத்துல வர்ற மாதிரி ஒரு பிரச்சினையோடதான். மூடின பெட்டி ஒண்ணு இருக்கு. உள்ள எது எங்க இருக்குன்னு தெரியணும், எந்த ஒயர் எதுக்குப் போகுதுன்னும் தெரியணும். பெட்டியும் கெடக்கூடாது, ஒயரும் அறுபடக்கூடாது. பெட்டி எதுன்னு சொல்ல வேண்டியதில்லை, உங்க கழுத்துக்கு மேல இருக்கு.

அந்தப் பெட்டிக்குள்ள ரொம்ப வம்பான இடம் மூளைத்தண்டு. பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவுல, சுமார் ஒரு கட்டைவிரல் பருமன்ல இருக்கு. கை, கால், உடம்புக்குப் போற வர்ற கேபிள் எல்லாம் இது வழியாத்தான் போகணும். 12 ஜோடி மண்டை நரம்புகள்ல 10 ஜோடி இங்கிருந்து கிளம்புது. கண்ணை அசைக்க, முகம் சுளிக்க, காது கேட்க, சாப்பாட்டை விழுங்க, எல்லாத்துக்கும். மூச்சு விடறதும் விழிச்சிருக்கறதும்கூட இதோட தயவுதான். ராமமூர்த்தி தொழிலுக்கு வந்த காலத்துல இதுக்குள்ள கத்தி வைக்கறதை அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் நினைச்சே பார்க்கல. இதை ஒட்டி வளர்ற கட்டிகளைத் தொடறதுக்கே கை நடுங்கும். ஏன் நடுங்கணும்? அவங்களுக்கு உள்ள இருக்கறது தெரியல. அவ்வளவுதான்.

இப்ப அவர் கதைக்கு வருவோம். அப்பா கேப்டன் டி.எஸ். பாலசுப்ரமணியமும் மருத்துவர்தான். பையன் திருச்சி ஈ.ஆர். ஹைஸ்கூல்ல படிச்சு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தார். 1947-ல எம்.எஸ்., அதே வருஷம் எடின்பரோ எஃப்.ஆர்.சி.எஸ். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்துல கையில ரெண்டு பெரிய பட்டம். பொது அறுவை மருத்துவரா சென்னையில நல்லா செட்டில் ஆகியிருக்கலாம். அவர் அதைவிட்டுட்டு மூளை அறுவை கத்துக்க இங்கிலாந்தில நியூகாஸிலுக்குப் போனார். அங்க ஆசிரியர் ரோபாதம், தலைக்காயச் சிகிச்சையில பெரிய கை. அப்புறம் கனடாவுல மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம், அங்க வைல்டர் பென்ஃபீல்டு.

பென்ஃபீல்டைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா பின்னால வர்ற பாதி விஷயம் அங்கதான் ஆரம்பிக்குது. வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது பென்ஃபீல்டு அவங்களை முழு மயக்கத்துல ஆழ்த்த மாட்டார். தலைத்தோலை மட்டும் மரத்துப்போக வெச்சு, ஓட்டைத் திறந்து, மூளையோட மேல்பரப்புல சின்ன மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மூளைக்கு வலி தெரியாது. ஒரு இடத்துல தொட்டா நோயாளியோட கட்டைவிரல் துள்ளும். இன்னொரு இடத்துல தொட்டா பேச்சு நின்னுடும். பேச்சு நிக்கற இடத்தை வெட்டக்கூடாதுன்னு குறிச்சுக்குவார். சர்க்கியூட் போர்டுல புரோப் வெச்சு எந்தப் பாயின்ட் எதுன்னு தேடறோமே, அதேதான். வெட்டறதுக்கு முன்னாடி நரம்பையே கேட்டுத் தெரிஞ்சுக்கறது. பெர்லின்ல ஃபெடோர் கிராவுஸே 1898-லயே ஒரு காது நரம்பு அறுவையில பக்கத்துல ஓடற முகநரம்பை மின்சாரத்தால தூண்டிப் பார்த்திருந்தார். முகம் துடிச்சது. அறுவை நடக்கும்போதே நரம்பைக் கண்காணிக்கறதுக்கு அதைத்தான் பிள்ளையார் சுழின்னு சொல்வாங்க. ஆனா பென்ஃபீல்டுகிட்டதான் அது ஒரு முறையா, வரைபடமா ஆச்சு.

1950 அக்டோபர்ல சென்னை அரசு பொது மருத்துவமனையில ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவருக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1949-ல, வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி இந்தியாவோட முதல் பிரிவைத் தொடங்கியிருந்தார். அவரும் மான்ட்ரியல்ல பென்ஃபீல்டுகிட்டப் படிச்சவர்தான். நம்ம பக்கத்து ஜில்லாக்கள்ல ஒருத்தருக்கு மூளைக் கட்டின்னா அப்ப ரெண்டே வழி: வேலூருக்கு ரயில், இல்லைன்னா மெட்ராஸுக்கு ரயில்.

1951-ல இந்திய நரம்பியல் சங்கம் உருவாச்சு. உண்டாக்கினவங்க நாலு பேர். சாண்டியும் ராமமூர்த்தியும் அறுவை மருத்துவர்கள். பல்தேவ் சிங் மருந்தால நரம்பு நோய்களைக் கவனிக்கற மருத்துவர். நாலாவது ஆள் எஸ்.டி. நரசிம்மன், மூளை மின்னலைப் பதிவு செய்யறவர். இந்த நாலாவது ஆளைக் கவனிங்க. மொத்தமே நாலு பேர் இருக்கற சங்கத்துல ஒருத்தர் மின்சாரத்தைப் படிக்கறவர். மூளையை அறுக்கற வேலை கத்தியால மட்டும் முடியற வேலை இல்லைன்னு அவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு.

அந்தக் காலத்துல கட்டி எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எக்ஸ்ரேல மண்டையோடு பளிச்னு தெரியும், மூளை தெரியவே தெரியாது. மூளைக்கு உள்ள நீர் நிறைஞ்ச அறைகள் இருக்கு. மண்டையோட்டுல சின்ன ஓட்டை போட்டு, ஊசியை உள்ள விட்டு, அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, அதுக்குப் பதிலா காற்றை ஏத்துவாங்க. காற்று எக்ஸ்ரேல கருப்பா விழும். கருப்பு நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தா எதிர்ப்பக்கம் ஏதோ தள்ளுதுன்னு அர்த்தம். கட்டியை யாரும் பார்க்கல. கட்டி எதைத் தள்ளுதோ அதைப் பார்த்தாங்க. 1918-ல அமெரிக்காவுல வால்ட்டர் டான்டி கண்டுபிடிச்ச முறை இது. சி.டி. வர்ற வரைக்கும் சுமார் அம்பது வருஷம் இதுதான் உலகத்துக்கே கண். அதோட மோனிஸ் 1927-ல கொண்டுவந்த ரத்தக்குழாய்ப் படம்.

நோயாளிக்கு இது சும்மா இல்ல. தலைவலி உயிர் போகும், வாந்தி வரும். கட்டி பின்மண்டையில, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் பக்கத்துல இருந்தா ஆபத்து பல மடங்கு. உள்ளழுத்தம் திடீர்னு மாறினா மூளைத்தண்டே நசுங்கிடலாம். அதனால படம் எடுத்த கையோட தியேட்டருக்குக் கொண்டுபோறது வழக்கம். படம் எடுக்கறதே பாதி அறுவைன்னு வெச்சுக்கங்க. நோயாளிகளும் சீக்கிரம் வர மாட்டாங்க. பார்வை மங்கி, நடை தள்ளாடி, எல்லாம் முத்தின பிறகுதான் வருவாங்க. வெளிநாட்டுப் புத்தகத்துல நெல்லிக்காய் அளவு போட்டிருக்கற கட்டி இங்க எலுமிச்சை அளவுல வந்து நிக்கும்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உரியது. காசநோய் நுரையீரலோட நிக்காது, மூளையிலயும் கட்டியா உருளும். சென்னையில திறந்து பார்த்த மூளைக் கட்டிகள்ல கணிசமானது இந்த வகை. ராமமூர்த்தி இதைப் பத்தி நிறைய எழுதினார், 1960-களோட தொடக்கத்திலயே. மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே வெச்சு இங்க வைத்தியம் பார்க்க முடியாதுன்னு அவர் பிடிவாதமா இருந்ததுக்கு இது ஒரு காரணம். காற்றுப் படத்துல புற்றுக்கட்டியும் காசக்கட்டியும் ஒரே மாதிரிதான் தள்ளும். எதுன்னு தெரிய, திறந்துதான் ஆகணும். அது மூளைத்தண்டுல இருந்தா? திறக்கவும் முடியாது, விடவும் முடியாது.

இனிமேல் வர்றதுதான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி, பிடிக்காத பகுதியும் இதுதான்.

மூளையோட ஆழத்துல, கொஞ்ச மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு புள்ளியைத் தொடணும்னு வெச்சுக்கங்க. மேலிருந்து வெட்டிக்கிட்டே போக முடியாது. அதனால தலையில ஒரு உலோகச் சட்டத்தைத் திருகி மாட்டுவாங்க. இப்ப தலை முழுக்க எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்குள்ள வந்தாச்சு. நாம முதல் செமஸ்டர்ல போட்ட அதே ஆயத்தொலைவுதான். புள்ளியோட ஆயம் தெரிஞ்சா, சின்ன ஓட்டை வழியா ஊசி மாதிரி ஒரு மின்முனையை நேரா அங்க இறக்கிடலாம். ஆனா ஆயம் எப்படித் தெரியும்? புள்ளி எக்ஸ்ரேல தெரியாதே. அதனால காற்றையோ சாயத்தையோ ஏத்தி மூன்றாவது மூளையறையைப் படம் எடுத்து, அதோட முன்னும் பின்னும் இருக்கற ரெண்டு அடையாளங்களைப் பிடிச்சு, அங்கிருந்து இத்தனை மில்லிமீட்டர் பின்னால, இத்தனை கீழே, இத்தனை பக்கவாட்டுலன்னு அட்லஸைப் பார்த்துக் கணக்குப் போடுவாங்க. அட்லஸ் யாரோ இறந்துபோன ஒருத்தரோட மூளையை வெட்டி வரைஞ்சது. உங்க மூளை அதே அளவுல இருக்கணும்னு கட்டாயமா என்ன?

அதனால கணக்கோட நிறுத்தல. மின்முனை இறங்கினதும் முதல்ல மெல்லிய மின்சாரம். நடுக்குவாத நோயாளின்னா விழிச்சிருப்பார், கையை நீட்டச் சொல்வாங்க. நடுக்கம் மாறுதா? விரல் மரக்குதா? அப்ப பக்கத்து நரம்புப் பாதைக்கு ரொம்ப நெருங்கிட்டோம், தள்ளிப் போ. ஹைபோதலாமஸ்ல தூண்டினா நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், கண்ணோட பாவை விரியும். அது வந்தா இடம் சரி. சரின்னு தெரிஞ்ச பிறகுதான் அந்தப் புள்ளியைச் செயலிழக்க வைப்பாங்க. படம் இடத்தைச் சொல்லுது, மின்சாரம் அந்த இடத்தோட வேலையைச் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கை நகரும். வி. பாலசுப்ரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோரோட சேர்ந்து 1960-கள்லயும் 70-கள்லயும் சென்னையை இந்த வேலைக்கு உலகம் திரும்பிப் பார்க்கற இடமா ஆக்கினார் ராமமூர்த்தி. கனகா ஆசியாவோட ஆரம்பகாலப் பெண் மூளை அறுவை மருத்துவர்கள்ல ஒருத்தர். அவங்களைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே எழுதணும்.

பிடிக்காத பகுதின்னு சொன்னேனே. நடுக்கத்துக்கும் வலிக்கும் மட்டும் இந்த முறையை அவங்க வெச்சுக்கல. கட்டுக்கடங்காத மூர்க்கம் உள்ளவங்களுக்கும் செஞ்சாங்க. பலர் மனவளர்ச்சி குன்றியவங்க, வலிப்பு உள்ளவங்க. குழந்தைகளும் இருந்தாங்க. உணர்ச்சியோட சம்பந்தப்பட்ட அமிக்டலா, ஹைபோதலாமஸ் பகுதிகள்ல சின்னப் புள்ளியைச் செயலிழக்க வைக்கறது. 1988-ல அவர் வெளியிட்ட கணக்குல இப்படிப்பட்டவங்க 600-க்கும் மேல. நிறைய பேருக்குக் குணம் தெரிஞ்சதுன்னுதான் அவர் பதிவு செஞ்சார். சங்கிலியில கட்டி வெச்சிருந்த பிள்ளையை வீட்டுக்குள்ள நடமாட விட முடிஞ்சா எந்தத் தாயும் கும்பிடுவாங்க, அதை நான் மறுக்கல. அன்னைக்கு நல்ல மருந்துகளும் குறைவு. ஆனா தன் சம்மதத்தைத் தானே சொல்ல முடியாத ஒருத்தரோட மூளையில நிரந்தரமா ஒரு மாற்றம் செய்ய யாருக்கு உரிமை? உலகம் முழுக்க இந்தக் கேள்வி எழுந்து, இந்த வகை அறுவைகள் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. மில்லிமீட்டர் சுத்தமா குறி வைக்கத் தெரியறதும், அங்க குறி வைக்கலாமான்னு தெரியறதும் வேற வேற. இதைச் சொல்லாம விட்டுட்டு அவரைப் புகழ்ந்தா அது வாழ்த்து மடலாத்தான் இருக்கும்.

1971 அக்டோபர் 1, லண்டன்ல அட்கின்ஸன் மார்லி மருத்துவமனை. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுன்னு ஒரு இன்ஜினியர் செஞ்ச மெஷின்ல முதல் நோயாளியோட மூளையை சி.டி. படம் எடுத்தாங்க. ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்ல, இசைத்தட்டு கம்பெனி ஈ.எம்.ஐ.யில வேலை பார்த்தவர். மண்டையைப் பல கோணத்துல எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, குறுக்கு வெட்டா காட்டறது. ஓட்டை வேண்டாம், காற்று வேண்டாம். 1979-ல நோபல் பரிசு. ராமமூர்த்தி மாதிரி இருபது வருஷம் நிழலைப் படிச்சே வண்டி ஓட்டினவங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

காசக்கட்டிகளோட கதை இங்கதான் திரும்பிச்சு. படத்துல பார்த்துக்கிட்டே காசநோய் மருந்து கொடுக்கலாம், ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் எடுக்கலாம். கட்டி சுருங்கியிருந்தா கத்தியே வேண்டாம். மூளைத்தண்டுல இருந்த காசக்கட்டிக்கும் இதே வழி கிடைச்சுது. அறுவையைப் பாதுகாப்பா ஆக்கறதுல முதல் படி, தேவையில்லாத அறுவையை நிறுத்தறதுதான்.

சி.டி.க்கு ஒரு குறை. பின்மண்டையில ரெண்டு பக்கமும் காதை ஒட்டி ரொம்பக் கெட்டியான எலும்பு இருக்கு. அதனால படத்துல நடுவே கோடு கோடா பட்டை விழும், அந்தப் பட்டை சரியா மூளைத்தண்டு மேலயே விழும். அதிர்ஷ்டத்தைப் பாருங்க! எம்.ஆர்.ஐ. வந்து அதைத் தீர்த்துது. அது எக்ஸ்ரேயை நம்பல, காந்தப்புலத்துல ஹைட்ரஜன் கருக்கள் எப்படி நடந்துக்குதுன்னு பார்க்குது. எலும்பு அதுக்குத் தொந்தரவு இல்ல. 1990-கள்ல இன்னொரு படி: நீர் மூலக்கூறுகள் நரம்பு இழையோட நீளவாக்குல சுலபமா நகரும், குறுக்கே கஷ்டப்படும். அந்த வித்தியாசத்தை அளந்தா இழைகள் எந்தப் பக்கம் ஓடுதுன்னு வரைஞ்சிடலாம். கட்டி கேபிளை அறுத்திருக்கா, இல்ல ஓரமா தள்ளி மட்டும் வெச்சிருக்கான்னு அறுவைக்கு முன்னாடியே தெரியும். எந்தப் பக்கமா நுழையணும்ங்கறதே அதைப் பொறுத்து மாறும்.

பென்ஃபீல்டுகிட்டப் பார்த்த மின்சாரமும் இதே காலத்துல மூளைத்தண்டுக்கு இறங்கி வந்துச்சு. நான்காவது மூளையறையோட தரையில முகநரம்பு ஒரு சின்ன மேடா வளைஞ்சு போகும். கட்டி அந்த மேட்டை எங்க தள்ளியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஓரிரு மில்லிஆம்பியர், சில சமயம் அதுக்கும் குறைவு, தொட்டா முகத்துல மாட்டின ஊசி மின்முனையில அலை துள்ளும். இங்க வெட்டாதேன்னு அர்த்தம். அந்த மேட்டுக்கு மேலயும் கீழயும் ரெண்டு சின்ன முக்கோணப் பகுதிகள் ஓரளவு பாதுகாப்பான வாசல்னு 1993-ல ஜப்பான்ல எழுதினாங்க.

காதுல டிக் டிக்னு சத்தம் கொடுத்து மூளைத்தண்டு பதில் சொல்லுதான்னும் அறுவை முழுக்கக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பதில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, பத்து மில்லிசெகண்டுக்குள்ள அஞ்சு சின்ன அலையா முடிஞ்சுபோகும். சத்தத்துல மூழ்கிக் கிடக்கற சிக்னல். ஆயிரம் தடவை டிக் கொடுத்து சராசரி எடுத்தா இரைச்சல் ஆயிரத்தோட வர்க்கமூலம், அதாவது சுமார் 32 மடங்கு அமுங்கி அலை தலை காட்டும். ஈ.சி.ஈ. மக்களே, உங்க ஏரியா. அஞ்சாவது அலை தாமதமாச்சுன்னா, இல்ல குட்டையாச்சுன்னா, திரை முன்னாடி உக்காந்திருக்கறவர் குரல் கொடுப்பார், அறுவை மருத்துவர் கையை எடுப்பார். மயக்க மருத்துவருக்கும் இதுல கட்டுப்பாடு உண்டு. தசையைத் தளர்த்தற மருந்தைத் தொடர்ந்து கொடுத்தா முகம் துள்ளவே துள்ளாது, எச்சரிக்கை மணியைப் பிடுங்கி வெச்ச மாதிரி ஆயிடும்.

ராமமூர்த்தி இதுல எதையும் கண்டுபிடிச்சவர் இல்ல. அப்படிச் சொன்னா பொய். ஆனா காற்று நிழலையும் மின்முனையையும் ஒண்ணா வெச்சு, ஒண்ணு சொல்றதை இன்னொண்ணால சரிபார்த்துட்டுத்தான் நகரணும்ங்கற பழக்கத்தை ஒரு தலைமுறை தமிழ்நாட்டு மருத்துவர்களோட கையில ஏத்தினவர் அவர். கருவி மாறினப்போ அந்தக் கைகள் தயாரா இருந்துச்சு.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1973-ல பத்ம பூஷண். அரசு பொது மருத்துவமனையில அவர் தொடங்கின பிரிவு நரம்பியல் நிறுவனமா வளர்ந்துச்சு. அரசுப் பணி முடிஞ்சதும் ஓய்வெடுக்கல. அடையாறு பக்கம் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி ஆரம்பிச்ச வி.எச்.எஸ். மருத்துவமனையில, வசதி குறைஞ்சவங்களும் வரக்கூடிய இடத்துல, டாக்டர் ஏ. லட்சுமிபதி பேர்ல மூளை அறுவை மையத்தை உருவாக்கினார். 1980-ல பி.என். டண்டனோட சேர்ந்து இந்திய மாணவர்களுக்காக மூளை அறுவைப் பாடநூல் கொண்டுவந்தார். காசக்கட்டிக்கு அதுல ஓரத்துல ஒரு பத்தி இல்ல, அதுக்குரிய இடம் கிடைச்சுது. கடைசிக் காலத்துல யோகா, பிரக்ஞைன்னு அவர் கவனம் போச்சு. மூளையை இத்தனை வருஷம் திறந்து பார்த்தவருக்கு, உள்ள விழிச்சிருக்கறது எதுங்கற கேள்வி விடலபோல. அதுல அவர் எழுதினதை எல்லாம் நான் ஏத்துக்கல, அது வேற விஷயம்.

2000-த்துல தன் வரலாறு எழுதினார். தலைப்பு, வழி நெடுக ஏற்றம்தான்ங்கற பொருள்ல ஒரு ஆங்கிலத் தொடர். 2003 டிசம்பர் 13-ல சென்னையில இறந்தார். அப்ப நரம்பு இழைப் படங்கள் ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து அறுவை அரங்குக்கு மெல்ல நடந்து வந்துக்கிட்டிருந்துச்சு.